கூட நின்ற குற்றம்

சில மாதங்களுக்கு முன் எங்கள் பகுதியில் ஒரு கவிதை நூல் வெளியீட்டு விழா நடந்தது. விழா முடிந்து தேநீர் பரிமாறப்பட்ட வேளையில், மேடையில் பேசாதவற்றை வழக்கம்போல நாங்கள் பேசத் தொடங்கினோம். கவிஞர் அஹ்னாப் ஜஸீமின் கைது பற்றிய பேச்சு வந்தது. அமெரிக்காவிலும் ராப் பாடகர்களின் பாடல்களைக் குற்றச் சாட்சியமாக நீதிமன்றங்களில் வாசிக்கிறார்கள் என்று இளைஞர் ஒருவர் சொன்னார். உடனே மூத்த எழுத்தாளர் ஒருவர், என் மதிப்புக்குரிய நண்பர், மறித்தார்.

“மாஸ்டர், அது வேற, இது வேற. அஹ்னாப் கவிஞர். அவன்கள் தெருச் சண்டியன்கள். கோஷ்டி சேர்ந்து திரிகிறவனுக்குப் பாட்டையும் படத்தையும் காட்டி இன்னும் பத்து வருசம் கூடப் போட்டால் என்ன குறைஞ்சு போகும்?”

பலர் தலையாட்டினர். நானும் பதில் சொல்லாமல் தேநீரைக் குடித்துவிட்டு வீடு வந்தேன். அந்த மௌனம் இன்றும் என்னை உறுத்துகிறது. ஆகவே அன்று வாயால் சொல்லாததை இங்கு எழுத்தில் சொல்கிறேன். நண்பர் கோபிக்கமாட்டார் என நம்புகிறேன். கோபித்தாலும் எழுதத்தான் வேண்டும்.

முதலில், ‘இன்னும் பத்து வருசம்’ என்று அவர் இலேசாகச் சொன்ன அந்தப் பத்து வருடம் என்னவென்று பார்ப்போம். கலிபோர்னியா மாநிலம் 1988இல் ஒரு சட்டம் இயற்றியது. வீதிப் பயங்கரவாத அமுலாக்க, தடுப்புச் சட்டம் என்பது அதன் பெயர். ‘பயங்கரவாதம்’, ‘தடுப்பு’ என்ற சொற்கள் 1979ஆம் ஆண்டின் சட்டமொன்றின் கீழ் வாழப் பழகிய நமக்குப் புதியவையல்ல. ஒருவர் செய்த குற்றம் வீதிக் கோஷ்டியொன்றின் நன்மைக்காகவோ, அதன் ஏவலிலோ, அதனோடு சேர்ந்தோ, அக்கோஷ்டியினரின் குற்றச் செயல்களுக்கு உதவும் நோக்கத்துடன் செய்யப்பட்டது என்று நிரூபித்தால், குற்றத்துக்குரிய தண்டனைக்கு மேல் இன்னொரு தண்டனையை இச்சட்டம் ஏற்றுகிறது. 2000ஆம் ஆண்டு மக்கள் வாக்கெடுப்பு மூலம் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. பாரதூரமான குற்றங்களுக்கு 5 வருடம், வன்முறைக் குற்றங்களுக்கு 10 வருடம், சில குற்றங்களுக்கு 15 வருடம் முதல் ஆயுள் வரை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். தெருவில் ஒருவரை மிரட்டிக் கொள்ளையிட்டவனுக்கு அந்த மாநிலத்தில் சாதாரணமாக 2, 3 அல்லது 5 வருடச் சிறை. கொள்ளை வன்முறைக் குற்றமாகக் கணிக்கப்படுவதால், கோஷ்டிக் குற்றச்சாட்டும் நிரூபிக்கப்பட்டால் அதன்மேல் 10 வருடம் ஏறும். 2 வருடம் 12 வருடமாகிறது. செய்ததற்கு இரண்டு, யாரோடு சேர்ந்தவன் என்பதற்குப் பத்து. தலையை விட வால் ஐந்து மடங்கு பெரிதான இந்தப் பிராணியை எந்த நீதிநூலில் நண்பர் கண்டார்?

இந்த வால் நீதிமன்றத்துக்கு வெளியேதான் அதிகம் வேலை செய்கிறது. அமெரிக்காவில் பெரும்பாலான வழக்குகள் விளக்கத்துக்குப் போவதேயில்லை. பேரம் பேசி, குற்றத்தை ஒப்புக்கொண்டு முடிகின்றன. “விளக்கத்துக்குப் போனால் 12 வருடம் வரலாம், இப்போதே ஒப்புக்கொண்டால் கோஷ்டிக் குற்றச்சாட்டைக் கைவிடுகிறோம்” என்று வழக்குத் தொடுநர் சொல்லும்போது, கையில் காசில்லாத ஓர் இருபது வயது இளைஞன் என்ன செய்வான்? செய்யாதவனும் கையொப்பம் வைப்பான்.

சரி, கோஷ்டி என்பதை எப்படி நிரூபித்தார்கள்? மூன்று பேர் அல்லது மேற்பட்டோர், ஒரு பொதுப்பெயர் அல்லது அடையாளம், குறிப்பிட்ட குற்றங்களைச் செய்வது முதன்மை நடவடிக்கைகளில் ஒன்றாக இருத்தல், உறுப்பினர்கள் தனித்தோ கூடியோ செய்த குறைந்தது இரண்டு முன்குற்றங்கள். இந்த முன்குற்றங்களைச் செய்தவர்களைக் கூண்டில் நிற்பவன் கண்ணால் கண்டிருக்கவே தேவையில்லை. பிறகு ஒரு பொலிஸ் அதிகாரி நிபுணராகச் சாட்சிக்கூண்டில் ஏறுவார். இந்தப் பச்சை குத்தலுக்கு இதுதான் பொருள், இந்த நிற உடைக்கு இதுதான் பொருள், இந்தக் கைச்சைகை இன்ன கோஷ்டியினுடையது, இந்தக் குற்றத்தால் அக்கோஷ்டியின் பெயர் ஓங்கும் என்பார். கேட்டுக்கொண்டிருக்கும் ஜூரர்களுக்கு யாரோ செய்த பழைய கொலைகளும் கூண்டில் நிற்பவனும் ஒரே படத்தில் தெரிவார்கள். அவன் அன்று அதைச் செய்தானா என்ற கேள்வி அந்தப் படத்துக்குப் பின்னால் மறைந்துபோகும்.

பொலிஸாரிடம் ஒரு பெயர்ப்பட்டியலும் இருந்தது. ‘கல்காங்’ என்ற அந்தத் தரவுத்தளத்தில் ஒரு காலத்தில் சுமார் ஒன்றரை இலட்சம் பேர் இருந்தனர். 2016இல் மாநிலக் கணக்காய்வாளர் அதனைப் பரிசோதித்தார். ஒரு வயது நிரம்புமுன்னரே பதியப்பட்டவர்களாக 42 பேர் அதில் இருந்தார்கள். அவர்களுள் 28 பேர், தாம் கோஷ்டி உறுப்பினர் எனத் ‘தாமே ஒப்புக்கொண்டதாக’க் குறிக்கப்பட்டிருந்தார்கள். தொட்டிலில் கிடந்தபடி வாக்குமூலம் கொடுத்த பிள்ளைகள்! பிறந்த திகதியைப் பதிந்ததில் நேர்ந்த பிழையாக இருக்கலாம். ஆனால் அந்தப் பிழையைத் திருத்த யாரும் அந்தப் பக்கத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. 2020இல் லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிஸார் சிலர்மீதே பொய்யான கோஷ்டிக் குறிப்புகளை எழுதியதாகக் குற்றம் சுமத்தப்பட்டது. அத்திணைக்களம் தரவுத்தளத்திலிருந்து விலக, அது பதிந்த விபரங்களைப் பயன்படுத்துவதை மாநில சட்டமா அதிபர் தடுத்தார். கோஷ்டி மேலதிகத் தண்டனையுடன் கலிபோர்னியச் சிறைகளில் இருந்தோரில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் கறுப்பினத்தவரும் லத்தீன் இனத்தவரும் என்பதையும் சேர்த்துப் படித்தால், அந்த வலை எந்தத் தெருவில் விரிக்கப்பட்டது என்பது விளங்கும்.

இனி, நண்பர் ‘வேற’ என்று ஒதுக்கிய பாட்டுக்காரனிடம் வருகிறேன்.

சான் டியாகோ நகரில் பிரண்டன் டங்கன் என்ற ராப் பாடகர் 2014இல் கைதுசெய்யப்பட்டார். அவர்மீது முன்னைய குற்றப்பதிவு எதுவுமில்லை. அந்நகரில் நடந்த சில துப்பாக்கிச் சூடுகளுக்காகக் கோஷ்டிச் சதி என்ற குற்றச்சாட்டு அவர்மேல் வந்தது. அவர் சுட்டார் என்று வழக்குத் தொடுநர் சொல்லவில்லை. சுடச் சொன்னார் என்றும் சொல்லவில்லை. அவர் அக்கோஷ்டியைச் சேர்ந்தவர். சூட்டுச் சம்பவங்களால் அதன் பெயர் ஓங்கியது. அதனால் அவருடைய பாடல் தொகுப்புக்கும் மதிப்புக் கூடியது. ஆகவே அவர் குற்றத்தால் நன்மை பெற்றவர் என்பதே வாதம். 2000ஆம் ஆண்டின் சட்டத்தில் ‘நன்மை பெறுதல்’ என்று ஒரு சொல் இருந்தது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு மனிதனை ஆயுட்சிறையின் வாசல்வரை இழுத்துச் சென்றார்கள். அதே வழக்கில் ஆரன் ஹார்வி என்ற இன்னோர் இளைஞர், லாஸ் வேகாஸில் வசித்தவர், முகநூலில் இருந்த படங்களையும் பதிவுகளையும் வைத்து மாட்டப்பட்டார். இருவரும் ஏறக்குறைய ஏழு மாதம் சிறையில் இருந்தனர். 2015 மார்ச்சில் நீதிபதி அவர்கள்மீதான குற்றச்சாட்டுகளைத் தள்ளுபடி செய்தார். 2020இல் சுமார் 15 இலட்சம் டொலர் இருவருக்குமாகச் சேர்த்து இழப்பீடு கொடுத்து நகரம் வழக்கை முடித்துக்கொண்டது.

அன்பரே, இப்போது நம் வீட்டுக்கு வாருங்கள். அஹ்னாப் ஜஸீம் ஓர் ஆசிரியர். ‘நவரசம்’ என்ற கவிதைத் தொகுதியை 2017இல் வெளியிட்டவர். 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. நாம் அப்போது என்ன சொன்னோம்? கவிதையில் வரும் ‘நான்’ கவிஞன் அல்ல என்றோம். யாரோடு பழகினான், எங்கு படிப்பித்தான் என்பதைக் கொண்டு ஒருவனைக் குற்றவாளியாக்காதீர்கள் என்றோம். சரியாகத்தான் சொன்னோம். சிலர் உரக்கச் சொன்னோம், பலர் பயந்து மெதுவாகச் சொன்னோம்.

அதே வாக்கியங்களை எடுத்து டங்கனின் பெயரைப் போட்டுப் பாருங்கள். ஓர் எழுத்தும் மாறத் தேவையில்லை. அஹ்னாபின் கவிதை வன்முறையை வெறுத்தது, டங்கனின் பாட்டு அதைப் பாடியது என்று நண்பர் சொல்லக்கூடும். அது இலக்கிய விமர்சனம். அந்தப் பாட்டு எனக்கும் பிடிக்கவில்லை. பிடிக்காத பாட்டுக்குக் கண்டனம் எழுதலாம். விலங்கு போட முடியாது. நல்ல கவிஞனுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு என்றால், எது நல்ல கவிதை என்று தீர்மானிக்கும் பொறுப்பைப் பொலிஸாரிடமே ஒப்படைத்துவிட்டோம் என்றுதான் அர்த்தம்.

நண்பரின் தரப்பில் ஒரு நியாயம் இருப்பதை மறுக்கமாட்டேன். கோஷ்டிகள் உண்மையில் கொல்கின்றன. சாட்சி சொல்லப் பயப்படும் தாய்மார் இருக்கிறார்கள். பாதாள உலகம் என்ற சொல்லைப் பத்திரிகைகளில் வாசிக்கும் நமக்கு அது தெரியாததல்ல. சேர்ந்து திட்டமிட்ட குற்றம் தனித்துச் செய்த குற்றத்தை விடக் கொடியது என்பதும் சரியே. ஆனால் கலிபோர்னியாவில் முதற்தரக் கொலைக்கு 25 வருடம் முதல் ஆயுள் ஏற்கனவே இருக்கிறது. ஏவியவனுக்கும் உதவியவனுக்கும் சட்டம் இருக்கிறது. அவற்றை நிரூபிக்கச் சாட்சியம் வேண்டும். மேலதிகத் தண்டனையின் கவர்ச்சியே சாட்சியத்தின் இடத்தில் சகவாசத்தை வைக்கலாம் என்பதுதான். கொல்லப்பட்ட பிள்ளையின் தாய்க்குத் தேவை கொன்றவன். அவனுடைய தெருவில் வசித்தவனைக் கொடுத்து அவளை அனுப்பிவைப்பது அவளையும் ஏமாற்றுவதாகும்.

அந்நாட்டுச் சட்டத்தரணிகள் செய்ததைப் பாருங்கள். கோஷ்டிகள் நல்லவை என்று அவர்கள் வாதாடவில்லை. நிரூபி என்றார்கள். நிபுணர் சொல்லும் இந்தத் தகவலை யார் கண்டார், அவரைக் கொண்டுவந்து குறுக்கு விசாரணைக்கு நிறுத்து என்றார்கள். வழக்கிலுள்ள ஆளைப் பற்றிய செவிவழிச் செய்தியை நிபுணரின் வாய்வழி உண்மையாக உள்ளே நுழைக்க முடியாது என்று 2016இல் மாநில உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021இல் நிறைவேறி 2022இல் அமுலுக்கு வந்த திருத்தம், முன்குற்றங்கள் கோஷ்டிக்குப் பொதுவான நன்மை தந்தவையாக இருக்க வேண்டும், ‘பெயர் ஓங்கியது’ என்பது மட்டும் நன்மையாகாது என்றது. எதிரி கேட்டால், முதலில் குற்றம் செய்தானா என்பதை விசாரித்து, கோஷ்டி விவகாரத்தை அதன் பின்னரே எடுக்க வேண்டும் என்றும் விதித்தது. 2022இல் இன்னொரு சட்டம் வந்தது. குற்றத்தோடு கால நெருக்கமோ, போதிய ஒற்றுமையோ, வெளியே தெரியாத விபரமோ இல்லாத கலைப்படைப்புக்குச் சாட்சியப் பெறுமதி மிகச் சொற்பம் என்பதை நீதிமன்றம் கருத்தில் எடுக்க வேண்டும் என்றது. மேலதிகத் தண்டனை இன்னும் ஒழியவில்லை. ஜோர்ஜியா மாநிலத்தில் யங் தக் என்ற பாடகரின் வழக்கில் பாடல் வரிகளை நிபந்தனையுடன் சாட்சியமாக ஏற்க 2023 நவம்பரில் நீதிபதி அனுமதித்தார். போராட்டம் முடியவில்லை, ஆனால் எங்கே போராட வேண்டும் என்று அவர்கள் காட்டியிருக்கிறார்கள்.

இவ்வளவு எழுத எனக்கென்ன யோக்கியதை என்று கேட்டால், என் யோக்கியதை ஒரு கொப்பியில் இருக்கிறது.

ஆசிரியர் கலாசாலையை விட்டு வந்து சில வருடங்களில் என்னைப் பாடசாலை ஒழுக்காற்றுப் பொறுப்பில் போட்டார்கள். ஒருநாள் கிரிக்கெட் விளையாட்டில் தகராறு. இரண்டு பேர் அடிபட்டார்கள். நான் போனபோது ஒன்பது பிள்ளைகள் நின்றார்கள், ஒரே நிறச் சட்டையோடு. ஒன்பது பெயரையும் எழுதினேன். யார் என்ன செய்தான் என்று கேட்கவில்லை. பக்கத்தின் மேலே ‘கோஷ்டி’ என்று எழுதி அடிக்கோடும் இட்டேன். ‘உன் நண்பனைச் சொல், உன்னைச் சொல்கிறேன்’ என்று வகுப்பில் படிப்பிக்கிறவனல்லவா நான்!

ஒன்பதாவது பெயருக்குரியவன், தம்பியைக் கூட்டிப்போக வந்து நின்றவன். சில வருடங்களின் பின் விடுகைப் பத்திரம் வாங்க அவன் வந்தபோது, நடத்தை என்ற இடத்தை நிரப்ப அந்தக் கொப்பி திறக்கப்பட்டது. ‘நன்று’ என்று வரவேண்டிய இடத்தில் வேறொரு சொல் வந்தது. அவன் என்னிடம் வந்து, “சேர், நான் அண்டைக்கு என்ன செய்தேன்?” என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. கொப்பியிலும் இருக்கவில்லை. பத்திரத்தை மாற்றுவித்துக் கொடுத்தேன். அவனுடைய கேள்வியை மாற்ற முடியவில்லை.

அன்றுமுதல் அந்தக் கொப்பியில் ஒரு பெயர் எழுதினால் அதன் நேரே அவன் செய்த செயலை எழுதுகிறேன். எழுத ஒன்றும் இல்லாவிட்டால் பெயரை எழுதுவதில்லை. கலிபோர்னியாவில் சட்டத்தரணிகள் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறிக் கேட்பதும் இவ்வளவுதான். நண்பர் அஹ்னாபுக்காகக் கேட்டதும் இதைத்தான். அடுத்த கூட்டத்தில் தேநீர் வேளை வரும்போது, அந்தத் தெருச் சண்டியனுக்கும் அதையே கேட்க அவர் சம்மதிப்பாரா என்று அறிய ஆவலாயிருக்கிறேன். இம்முறை நான் பதில் சொல்லாமல் எழும்பமாட்டேன்.