வாடகையே இஎம்ஐ கட்டிவிடுமாம்!



நீளமான பதிவுதான். காசு விஷயம் என்பதால் பொறுமையாக வாசியுங்கள்.

சமீப காலமாக எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே செய்தி. "சார், ஓஎம்ஆர் பக்கம் ஒரு ஃபிளாட் பார்த்திருக்கேன். வாடகைக்கு விடத்தான். வர்ற வாடகையே இஎம்ஐயைக் கட்டிடும்னு சொல்றாங்க." சொல்வது யார்? விற்கிறவர். கேட்டுக்கொண்டு தலையாட்டுவது யார்? என்னிடம் கணக்குப் பாடம் படித்தவர்கள். எனக்கு வருத்தமே அதுதான்.

பேனாவை எடுங்கள். ஃபிளாட் விலை 75 லட்சம். கையிலிருந்து 15 லட்சம், வங்கிக் கடன் 60 லட்சம். 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 52,070 ரூபாய். வாடகை 20,000. மீதி 32,000 யார் கட்டுவது? அந்த 20,000மும் முழுசாகக் கைக்கு வராது. பராமரிப்புக் கட்டணம் மாதம் 3,500 என்று வையுங்கள். வருஷத்தில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடக்கும். வீட்டு வரி, பெயின்ட், குழாய் ரிப்பேர் என்று ஒரு 18,000. எல்லாம் போக வருஷத்துக்கு 1,60,000 நிற்கும். 75 லட்சத்துக்கு இது 2.1 சதவீதம். 8.5க்குக் கடன் வாங்கி 2.1க்கு விடுவதற்குப் பெயர் முதலீடா? பத்திரப்பதிவுச் செலவை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

"வருமான வரி மிச்சமாகுமே சார்" என்பீர்கள். புதிய வரி முறையில் இருப்பவர்கள், வாடகை வீட்டுக் கடன் வட்டியால் வரும் நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. உங்களில் பெரும்பாலானோர் புதிய முறைக்குப் போய்விட்டீர்கள். பிறகு எந்த வரி மிச்சம்?

அடுத்த பதில், "விலை ஏறும்." ஏறுவது எது? மண். கட்டடம் வருஷா வருஷம் தேய்கிறது. 1,200 சதுர அடி ஃபிளாட் என்பார்கள். அதில் படிக்கட்டு, லிஃப்ட், வராந்தா எல்லாம் சேர்ந்திருக்கும். பத்திரத்தில் யுடிஎஸ் என்று வரும் பிரிபடாத மனைப் பங்கைப் பாருங்கள். 400 சதுர அடி இருந்தால் அதிகம். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. ஆக, 75 லட்சம் கொடுத்து உங்களுக்கு வந்தது ஒரு சென்ட்டுக்கும் குறைவான மண்! நீச்சல் குளத்தையும் ஜிம்மையும் காட்டியது அதை மறைக்கத்தான்.

சரி, எதைத்தான் வாங்குவது?

நம்ம திருநெல்வேலிப் பக்கம் வளவு வீடு தெரியுமல்லவா? நடுவில் பொது முற்றம், சுற்றிலும் சின்னச் சின்ன வீடுகள். நம் தாத்தாக்கள் அதை முதலீடு என்று சொல்லவில்லை. ஆனால் அதன் சூட்சுமம் இன்றைக்கும் சரி. ஒரு குடும்பம் காலி செய்தாலும் மற்ற வாடகைகள் நிற்காது. மண் முழுக்க உங்கள் பெயரில்.

ஆகவே வாடகைக்கென்றே வாங்குவதாக இருந்தால் பழைய குடியிருப்பில், மூன்று நான்கு சென்ட்டில், இரண்டு மூன்று சிறு போர்ஷன் உள்ள தனி வீடாகப் பாருங்கள். ஆஸ்பத்திரி, கல்லூரி, பஸ் நிறுத்தம் நடக்கும் தூரத்தில் இருக்கட்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பக்கம் போய்ப் பாருங்கள். நர்சுகளும் மருத்துவ மாணவர்களும் வந்துகொண்டே இருப்பார்கள். குடியிருக்கப்போவது அவர்கள்தான், நீங்கள் இல்லை. உங்கள் ரசனைக்கு இத்தாலி மார்பிள் போட்டால் அதற்காக அவர்கள் ஒரு ரூபாய் கூட்டித் தரமாட்டார்கள். நல்ல தண்ணீர் வருகிறதா, வண்டி நிறுத்த இடம் உண்டா என்றுதான் கேட்பார்கள்.

இதிலும் வாடகை ஒன்றும் கொட்டாது. செலவு போக மூன்று, மூன்றரை சதவீதம் நின்றால் நல்லது. அதனால்தான் சொல்கிறேன், வாடகை வீட்டைக் கைக்காசில் வாங்குங்கள். பெருங்கடனில் வாங்காதீர்கள். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் வக்கீலிடம் காட்டாமல் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதியுங்கள். 2019 முதல் தமிழ்நாட்டில் சட்டமே அப்படித்தான்.

கடைசியாக, என்னைக் கோபப்படுத்தும் விஷயம். அந்த 15 லட்சம் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தால், பல வீடுகளில் அது அப்பாவின் கிராஜுவிட்டி. அல்லது அம்மா பெயரில் இருந்த வயல். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் வட்டி 2023 ஏப்ரலில் 8.2 சதவீதமானது. அந்த வட்டியில் 15 லட்சம் போட்டால் மாதத்துக்கு 10,250 ரூபாய் கணக்கு. அந்த ஃபிளாட் எல்லாச் செலவும் போகத் தருவது மாதம் 13,300. அதற்கு 75 லட்சம் முடங்க வேண்டும், மாதா மாதம் 38,700 சம்பளத்திலிருந்து இறைக்கவும் வேண்டும். அப்பாவுக்கு மருந்து மாத்திரைக்கு உதவும் பணத்தைப் பில்டரிடம் கொடுத்துவிட்டு அதற்கு "அசெட்" என்று பெயர் வைக்காதீர்கள்.

குடியிருக்க ஒரு வீடு வாங்குவது வேறு. அதற்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன். வாடகைக்கு என்றால் கணக்குதான் பேச வேண்டும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் விலை, வாடகை, மனைப் பங்கு மூன்றையும் ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள். திருத்தித் தருகிறேன். இதற்கு டியூஷன் ஃபீஸ் கிடையாது.