விண்வெளிச் சுற்றுலாவும் கையொப்பமிட்ட சம்மதமும்

சில நிமிட எடையற்ற நிலையை அனுபவிப்பதற்காகச் செல்வந்தர்கள் இலட்சக்கணக்கான டொலர்களைச் செலுத்தி விண்வெளியின் விளிம்புவரை சென்று திரும்புவது 2021 இற்குப் பின்னர் அதிசயமான செய்தியாக இல்லை. ஆயினும், அமெரிக்காவில் அவ்வாறு புறப்படும் ஒவ்வொரு பயணியும் முன்கூட்டியே ஓர் ஆவணத்தில் கையொப்பமிட வேண்டும். கலம் பாதுகாப்பானதென அரசாங்கம் சான்றளிக்கவில்லை என்பதை அறிந்தே தாம் பயணிப்பதாக அவர் அதில் ஒப்புக்கொள்கின்றார்.

2004 டிசெம்பரில் நிறைவேறிய சட்டத்தின் விளைவே இது. ஏவுதலுக்கான அனுமதிப்பத்திரத்தை வழங்குவது சமஷ்டி விமானப் போக்குவரத்து நிர்வாகம். எனினும், தரையிலுள்ள பொதுமக்களைப் பாதுகாப்பதே அதன் பிரதான கடமையாக வரையறுக்கப்பட்டுள்ளது. கலத்தினுள் இருப்போரின் பாதுகாப்புக்கென, மரணமோ பாரதூரமான காயமோ அதற்கு இட்டுச்செல்லக்கூடிய சம்பவமோ நேர்ந்தாலன்றி அது விதிகளை இயற்ற முடியாது. புதிய தொழிற்றுறைக்குக் 'கற்றுக்கொள்ளும் காலம்' என எட்டு வருடங்களுக்கு வழங்கப்பட்ட இச்சலுகை, முதலில் 2015 வரையும் பின்னர் 2023 வரையும் நீடிக்கப்பட்டு, இறுதியாக 2024 மே மாதச் சட்டத்தினால் 2028 ஜனவரி முதலாம் திகதி வரை தள்ளிப்போடப்பட்டுள்ளது. இருபது வருடங்களைத் தாண்டியும் கற்றுமுடியாத மாணவனை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

2014 ஒக்டோபர் 31 ஆம் திகதி கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்துக்கு மேலே, வேர்ஜின் கலக்டிக் நிறுவனத்துக்கென அமைக்கப்பட்ட 'ஸ்பேஸ்ஷிப் டூ' பரீட்சார்த்தப் பறப்பின்போது உடைந்து சிதறியது. வாற்பகுதியை உயர்த்தும் பொறிமுறையின் பூட்டைத் துணை விமானி உரிய வேகத்தை எட்டுமுன்னரே திறந்துவிட்டார், அவர் உயிரிழந்தார். ஒரு மனிதரின் ஒரேயொரு தவறு கலத்தையே அழித்துவிடக்கூடும் என்பதை நிர்மாண நிறுவனம் கருத்திற்கொள்ளவில்லை என 2015 இல் தேசிய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை கண்டறிந்தது. ஆபத்துப் பகுப்பாய்வில் நிறைவேற்றப்படாத நிபந்தனைகளுக்கு அனுமதி வழங்கும் நிர்வாகம் விலக்களித்திருந்தது. அதன் அலுவலர்கள் எழுப்பிய தொழில்நுட்ப வினாக்கள் சில, பொதுமக்கள் பாதுகாப்புடன் நேரடித் தொடர்பற்றவை எனக் கூறி மேலதிகாரிகளால் வடிகட்டப்பட்டிருந்தன.

இறந்தவர் உல்லாசப் பயணியல்லர் என்பதை இங்கு குறிப்பிட வேண்டும். விமானிகளுக்கும் எழுத்தில் அறிவிக்கப்படுவது உண்மையே. எனினும், ஊதியத்துக்குப் பணியாற்றுபவரின் சம்மதமும் பொழுதுபோக்குக்காகச் செல்லும் கோடீஸ்வரரின் சம்மதமும் ஒன்றாகிவிடா. 2023 ஜூனில் ஆழ்கடலில் நசுங்கி ஐவரைப் பலிகொண்ட 'டைட்டன்' நீர்மூழ்கியை இயக்கிய நிறுவனமும் பயணிகளிடம் இத்தகைய கையொப்பங்களைப் பெற்றே வந்தது. பலியானோரில் ஒருவர் 19 வயது இளைஞர்.

ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறுபட்ட கலங்களுக்குப் பொது விதி வகுப்பது கடினம் என்ற நிறுவனங்களின் வாதத்தை நாம் முற்றாக நிராகரிக்கவில்லை. ஆனால் 1926 இல் விமானங்களுக்கும் விமானிகளுக்கும் அமெரிக்கா முதன்முதலில் சமஷ்டி விதிகளுக்கான சட்டத்தை இயற்றியபோது அதனை வற்புறுத்தியவர்களுள் விமானத் தொழிற்றுறையினரும் இருந்தனர். விதிகளின்றி மக்கள் நம்பி ஏறமாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

2028 நெருங்குகையில் காங்கிரஸிடம் மற்றுமொரு நீடிப்புக் கோரப்படலாம். அழுத்த உடை, அவசர வெளியேற்றம் ஆகிய இரண்டுக்கேனும் அடிப்படை விதிகளை வகுக்காமல் அதனை வழங்குவதை நியாயப்படுத்த முடியாது.