'நெகட்டிவ்' என்று எழுதினால் போதுமா?

எலிக்கு மருத்துவப் பரிசோதனையா என்று சிரிப்பவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. சிரித்துவிட்டு முழுசாகப் படியுங்கள். நாளைக்கு உங்கள் வீட்டில் ஒருவருக்கு டாக்டர் எழுதித் தரும் புற்றுநோய் மருந்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

எரியோட்டுக்குத் திரும்பி வருவதற்கு முன் 31 வருடம் ஆய்வகங்களின் விலங்குக்கூடங்களில் டெக்னீஷியனாக வேலை பார்த்தவன் நான். எலிகளை வைத்துச் சோதனை செய்யலாமா, கூடாதா என்பது வேறு சண்டை. அதை இன்றைக்கு இழுக்கவில்லை. செய்வதென்றால் ஒழுங்காகச் செய் என்பதுதான் என் வாதம். அப்படிச் செய்யாமல் காகிதத்தை மட்டும் ஒழுங்காக வைத்துக்கொள்ளும் பழக்கம் நம் நாட்டில் பெருகிக் கிடக்கிறது. அதைத்தான் இங்கே திட்டப் போகிறேன்.

முதலில் எந்த எலி என்று சொல்லிவிடுகிறேன். 1962ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து ஆய்வகம் ஒன்றில் உடம்பில் ரோமமே இல்லாத சுண்டெலிகள் பிறந்தன. 1968ல்தான் அவற்றுக்கு 'தைமஸ்' என்ற சுரப்பியும் இல்லை என்று கண்டுபிடித்தார்கள். அந்தச் சுரப்பி இல்லையென்றால் நோய் எதிர்ப்புச் சக்தியில் பெரும்பகுதி இல்லை. நாங்கள் அதை 'மொட்டை எலி' என்போம். 1983ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மெல்வின் போஸ்மா என்பவர் இதைவிட மோசமான ஒன்றைக் கண்டார். அதன் உடம்பில் எதிர்ப்பு அணுக்களின் இரண்டு முக்கியப் பிரிவுகளும் உருவாவதில்லை. 'ஸ்கிட்' எலி என்று பெயர். அதற்குப் பிறகு வந்த ரகங்களில் மிச்சமிருந்ததையும் எடுத்துவிட்டார்கள்.

1986ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் எச்.ஐ.வி.யைக் கண்டுபிடித்தது நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். எய்ட்ஸ் முற்றியவரை, மற்றவர்களை ஒன்றும் செய்யாத அற்பக் கிருமிகூடச் சாய்த்துவிடும் என்று அப்போது படித்தோம். அந்த நிலைமையிலேயே பிறந்து, அதிலேயே வாழ்கிற எலி இது.

இப்படிப்பட்ட நோஞ்சானை ஏன் வளர்க்கிறார்கள்? மனிதனின் புற்றுநோய்க் கட்டியைச் சாதாரண எலிக்குள் வைத்தால் அதன் உடம்பு ஏற்காது, அழித்துவிடும். எதிர்ப்புச் சக்தி இல்லாத எலியில் கட்டி வளரும். அதில் மருந்தைக் கொடுத்துப் பார்க்கலாம். ஐஐடி பம்பாயும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கி, 2023 அக்டோபரில் அனுமதி பெற்ற 'நெக்ஸ்கார்19' ரத்தப் புற்றுநோய் சிகிச்சையைப் பற்றிப் பேப்பரில் படித்திருப்பீர்கள். வெளிநாட்டில் கோடிக்கணக்கில் ஆகும் சிகிச்சை இங்கே சில பத்து லட்சங்களுக்கு வந்தது. அதுவும் மனிதனுக்கு வருமுன் மனித ரத்தப் புற்றணுக்களைச் சுமந்த எலிகளில் சோதிக்கப்பட்டதுதான். ஆக, இந்த எலி நம் எல்லோருக்கும் முன்னால் போய் நிற்கும் ஆள்.

சரி, அந்த ஆளுக்கு ஏற்கெனவே ஒரு நோய் இருந்தால்? மருந்து வேலை செய்கிறதா, நோய் வேலை செய்கிறதா என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

இங்கேதான் என் முதல் கோபம். எலிக் கூட்டத்தில் நோய் இருக்கிறதா என்று பார்க்கப் பல காலமாக இருக்கும் வழி ரத்தத்தில் ஆன்டிபாடி பார்ப்பது. கொரோனா சமயத்தில் இந்தச் சொல் நம் வீட்டுத் திண்ணை வரைக்கும் வந்துவிட்டது. கிருமி வந்தால் உடம்பு அதை எதிர்த்து ஆன்டிபாடி செய்யும். அது இருந்தால் கிருமி வந்திருக்கிறது என்று அர்த்தம். எதிர்ப்புச் சக்தியே இல்லாத எலி ஆன்டிபாடியை எங்கிருந்து செய்யும்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? கிருமி உடம்பு முழுக்க நிறைந்திருந்தாலும் அந்த ரிப்போர்ட் 'நெகட்டிவ்' என்றுதான் வரும். அதை வாங்கி ஃபைலில் கோத்து, 'நோயற்ற கூட்டம்' என்று முத்திரை குத்தி விற்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நோய் இல்லை என்பது வேறு, நோய் தெரியவில்லை என்பது வேறு.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. 'காவல் எலி' என்று ஒரு முறை உண்டு. எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கும் சாதாரண, சுத்தமான எலிகளைத் தனிக் கூண்டில் வைப்பார்கள். மற்றக் கூண்டுகளைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் அவற்றின் அழுக்குப் படுக்கையில் ஒரு கைப்பிடி எடுத்துக் காவல் எலியின் கூண்டில் போடுவார்கள். (படுக்கை என்றால் மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிரின் சக்கையைப் பொடித்தது, நம் பக்கம் அடுப்பெரிக்கிறோமே, அதேதான்.) நோஞ்சான் எலிகளிடம் கிருமி இருந்தால் காவல் எலிக்கு ஒட்டும், அதன் ரத்தம் சொல்லிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது ஐரோப்பிய அமைப்புகளின் பரிந்துரை.

ஆனால் காவல்காரனுக்கும் கண் மறையும் இடம் உண்டு. எல்லாக் கிருமியும் அழுக்குப் படுக்கை வழியாக ஒட்டுவதில்லை. மூச்சுக்காற்றில் பரவும் சில கிருமிகளும் ரோமத்தில் வாழும் சிறு பூச்சிகளும் பல சமயம் தப்பிவிடும். மொட்டை எலியின் தோலைப் பிடிக்கும் 'கோரினிபாக்டீரியம் போவிஸ்', நுரையீரலைப் பிடிக்கும் 'நியூமோசிஸ்டிஸ்' போன்றவற்றை நேராக அந்த எலியிடமே பி.சி.ஆர். செய்து தேடுவதுதான் சரி. இப்போது இன்னொரு வழியும் வந்திருக்கிறது. கூண்டு அடுக்குகளிலிருந்து காற்று வெளியேறும் குழாயில் படியும் தூசியைத் துடைத்தெடுத்து அதில் பி.சி.ஆர். செய்வது. கொரோனா காலத்தில் ஊர்ச் சாக்கடை நீரில் கிருமியைத் தேடினார்களே, அதே யோசனை. பல வகைக் கூண்டு அடுக்குகளில் இது நன்றாக வேலை செய்கிறது. காவல் எலிகளைக் கொல்லும் தேவையும் குறைகிறது.

இவ்வளவும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவில் நடந்த கதையைச் சொல்கிறேன். சிட்னியில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் எதிர்ப்புச் சக்தி குறைந்த எலிகள் நடுவயதில் சிறுநீரகம் கெட்டுச் செத்துக்கொண்டிருந்தன. வழக்கமான சோதனைகளில் எதுவும் பிடிபடவில்லை. விடாமல் துருவிப் பார்த்ததில், அதுவரை யாரும் அறியாத ஒரு வைரஸ் என்று 2018ல் வெளியிட்டார்கள். பிறகு பார்த்தால் அமெரிக்கக் கூடங்களிலும் அதே வைரஸ். அங்கே யாரோ ஒருவர், "இந்த ரக எலி இப்படித்தான் சாகும்" என்று விட்டிருந்தால் இன்றைக்கும் அது தெரிந்திருக்காது.

இன்னொரு கதை இதைவிடப் பெரிய கூத்து. மனிதனின் புராஸ்டேட் புற்றுக்கட்டி ஒன்றை 1990களில் மொட்டை எலிகளுக்குள் மாற்றி மாற்றி வளர்த்தார்கள். அப்போது எலியின் மரபணுவுக்குள்ளேயே ஒட்டிக் கிடந்த இரண்டு வைரஸ் துண்டுகள் சேர்ந்து ஒரு புது வைரஸ் பிறந்து கட்டிக்குள் புகுந்துகொண்டது. 2006ல் அதை மனித வைரஸ் என்று அறிவித்தார்கள். 2009ல் தீராத களைப்பு நோய்க்கு அதுதான் காரணம் என்று 'சயின்ஸ்' இதழில் கட்டுரை வந்தது. சில நாடுகளில் அந்த நோயாளிகள் ரத்ததானம் செய்யக்கூடாது என்றுகூடச் சொன்னார்கள். உண்மை தெரிந்து 2011ல் அந்த இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. கூண்டுச் சோதனையில் அகப்படும் ரகமல்ல அது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எலிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்காமல் விட்டால் எத்தனை நோயாளிகள் வீண் நம்பிக்கையில் அலைய நேரும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நம் நாட்டுக்கு வருவோம். நான் வேலை பார்த்த இடங்களில் ஒன்று, பெயர் வேண்டாம். மொட்டை எலிகளின் முதுகில் செதில் உதிர்ந்தது. முதலில் பார்த்தவர் கூண்டு கழுவும் ஒப்பந்தத் தொழிலாளி. "சார், இதுங்க முதுகெல்லாம் தவிடு தூவினாப்ல இருக்கு" என்றார். மேலே எழுதிக் கொடுத்தோம். "ஏ.சி. காத்துல தோல் வறண்டிருக்கும்" என்று பதில் வந்தது. பரிசோதனைக்கு அனுப்பக் கேட்ட தாள் மூன்று மாதம் கையெழுத்தாகாமல் கிடந்தது. அதற்குள் ஓர் ஆராய்ச்சி மாணவியின் எலிகள், மருந்து கொடுக்கக் கொடுக்கச் செத்தன. மருந்து விஷம் என்று எழுதி முடிக்க இருந்தார். கடைசியில் சோதித்தால் மேலே சொன்ன அதே தோல் கிருமி. ஆன்டிபயாடிக் கொடுத்தால் அடங்கும், நிறுத்தினால் திரும்ப வரும். கூட்டம் முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினார்கள். அந்தப் பெண்ணின் இரண்டு வருடம் போனது. அத்தனை எலிகளும் ஒன்றுக்கும் உதவாமல் செத்தன. தோலைப் பார்த்துச் சொன்ன தொழிலாளியை யாரும் நன்றி சொல்லக் கூப்பிடவில்லை. ஒப்பந்தம் முடிந்து அவர் போய்விட்டார்.

இதற்கெல்லாம் அவர்கள் சொல்லும் சமாதானம் மூன்று.

ஒன்று, செலவு. இந்த ரக எலி சாதாரண எலியைவிடப் பல மடங்கு விலை. அதை வாங்கக் காசு இருக்கிறது, சோதிக்க இல்லையா? எருமை வாங்கியவன் கயிறு வாங்கக் காசில்லை என்ற கதை.

இரண்டு, "எங்களிடம் தனித்தனிக் காற்றோட்டக் கூண்டு இருக்கிறது, நோய் வராது." பரவுவது குறையும், வாஸ்தவம். அதனாலேயே நோய் நாலைந்து கூண்டுக்குள் ஒளிந்து கிடக்கும். 100 எலியில் 30க்கு நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு எலியை எடுத்துப் பார்த்தால் 70 சதவீதம் தவறவிடுவீர்கள். வெவ்வேறு கூண்டுகளிலிருந்து பத்தை எடுத்தால் தவறவிடும் வாய்ப்பு 3 சதவீதம்கூட இல்லை. கால்குலேட்டரில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு ரிப்போர்ட் எழுதுவது ஏட்டுச் சுரைக்காய்தான்.

மூன்று, "அரசு விதிப்படி பதிவு பெற்றிருக்கிறோம்." விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960ல் வந்தது. சோதனைகளையும் வளர்ப்பையும் கண்காணிக்க விதிகள் 1998ல் வந்தன. நல்ல விஷயம். ஆனால் நான் பார்த்த ஆய்வுகளில் பெரும்பாலும் கூண்டின் அளவு, பதிவேடு, கையெழுத்து என்றுதான் பார்த்துவிட்டுப் போனார்கள். எந்தக் கிருமியைத் தேடினாய், எந்த முறையில் தேடினாய் என்று கேட்டவர்கள் குறைவு.

இத்தனைக்கும் நமக்கு இது புதிது இல்லை. 1918ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஓர் அறையில் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய ஆராய்ச்சிதான் பின்னால் ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. அவர் குன்னூரில் எலிகளுக்குப் பஞ்சாப் சாப்பாட்டையும் மதராஸ் சாப்பாட்டையும் கொடுத்து ஒப்பிட்டவர். வெளிச்சம், காற்று, சுத்தமான கூண்டு, நல்ல தீனி என்று வைத்து வளர்த்தார். செத்த எலிகளை அறுத்துப் பார்த்துக் காரணம் எழுதி வைத்தார். பி.சி.ஆர். இல்லாத காலத்தில் அந்த அக்கறை இருந்தது.

நம் வேடசந்தூர், எரியோடு பக்கத்து நூல் மில்லில் வேலை பார்த்தவர்கள் இதைப் படிப்பீர்கள். கவுண்ட் என்ன, பலம் என்ன என்று சோதிக்காமல் ஒரு மூட்டை நூல் வெளியே போகுமா? போனால் வாங்கியவன் திருப்பி அனுப்ப மாட்டானா? ஒரு கோன் நூலுக்கு உள்ள மரியாதை, மனித உயிரைக் காக்கும் மருந்துக்கு முன்னால் நிற்கும் எலிக்கு வேண்டாமா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வளர்ப்புக்கூடத்திலிருந்து போகும் ஒவ்வொரு பெட்டியோடும் எந்தெந்தக் கிருமி, எந்த முறை, எத்தனை எலி, எந்தத் தேதி என்று எழுதிய ரிப்போர்ட் போகட்டும். அதை நிறுவனத்தின் இணையதளத்தில் போடட்டும். நோய் வந்திருந்தால் அதையும் மறைக்காமல் போடட்டும். ஆராய்ச்சிக்கு அரசுப் பணம் கொடுக்கும்போதே சோதனைச் செலவையும் தனியாக ஒதுக்கட்டும். கூண்டு கழுவுகிறவர்களை நிரந்தரமாக்கி, பயிற்சி கொடுத்து, அவர்கள் சொல்வதைப் பதிவேட்டில் ஏற்றட்டும். எலியைத் தினமும் பார்ப்பது அவர்கள்தான், இயக்குநர் அல்ல.

பேரப்பிள்ளைகள் யாராவது உயிரியல் ஆராய்ச்சியில் இருந்தால் அடுத்த முறை போனில் பேசும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்க எலிக்கு கடைசியா எப்போ டெஸ்ட் எடுத்தாங்க, எதை வச்சு எடுத்தாங்க?" பதில் சொல்லத் திணறினால், தங்கள் விலங்குக்கூடத்துக்குப் போய் அதே கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள்.