விற்றால் போதுமா, பணம் வர வேண்டாமா?

தில்லி சதர் பஜாரின் மொத்த வியாபாரக் கடைகளில் கல்லாப்பெட்டிக்கு மேலே "ஆஜ் நகத், கல் உதார்" என்ற வாசகம் தொங்குவதைக் காணலாம். இன்று ரொக்கம், நாளை கடன். நம் ஊர் மளிகைக் கடைகளிலும் இதே வாசகம் தமிழில் உண்டு. இந்தியில் 'உதார்' என்றால் கடன். தமிழ்ப் பேச்சுவழக்கிலோ அது வெற்று மிரட்டல். தலைநகரின் சந்தைகளைச் சில காலம் கவனித்தவர்களுக்கு இவ்விரு பொருளும் அத்தனை தொலைவில் இல்லை என்பது விளங்கும். பத்து ரூபாய்க்குப் பொருள் வாங்க வருபவரிடம் அந்தப் பலகை செல்லுபடியாகும். லட்சக்கணக்கில் சரக்கு எடுக்கும் பெரிய வாடிக்கையாளரிடம் அதைச் சுட்டிக்காட்டும் துணிவு அதே கடைக்காரருக்கு இருப்பதில்லை.

சிறுதொழில் தொடங்குவோருக்கு இன்று அறிவுரைக்குப் பஞ்சமில்லை. இணையதளம் வேண்டும், செல்போனில் தேடினால் கடையின் பெயர் முதலில் வர வேண்டும், வாட்ஸ்அப்பில் பொருள்களின் படங்கள் போக வேண்டும் என்கிறார்கள். எல்லாம் சரியே. ஆனால், ஒருவர் சிறுதொழிலை மூடிவிட்டார் என்றால் பெரும்பாலும் அதற்குக் காரணம் ஆர்டர் இல்லாமை மட்டுமன்று. ஆர்டர் வந்தது, சரக்கும் போனது, பணம் வரவில்லை என்பதே பல இடங்களில் நாம் கேட்கும் கதை. விற்பது எப்படி என்று சொல்லித்தருவோர், வசூலிப்பது எப்படி என்பதைச் சொல்வதில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஃபரீதாபாதில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறை மாதம் 10 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். லாபம் 8 சதவீதம், அதாவது மாதம் 80,000 ரூபாய். வாங்குபவர் 45 நாளில் பணம் தந்தால், எந்த நேரத்திலும் வெளியே நிற்கும் தொகை 15 லட்சம். அதுவே 120 நாளானால் 40 லட்சம். இடையிலுள்ள 25 லட்சத்தைப் பட்டறைக்காரர் எங்கிருந்தாவது புரட்டியாக வேண்டும். வங்கியில் 12 சதவீத வட்டிக்குக் கிடைத்தால் மாதம் 25,000 ரூபாய் போகும். ஈடு காட்ட வழியின்றி வெளியே மாதம் 2 வட்டிக்கு வாங்கினால் 50,000 ரூபாய். லாபத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. பட்டறையில் ஒரு குறையும் இல்லை, சரக்கிலும் குற்றமில்லை. பெரிய நிறுவனத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்த வங்கியாக அந்தச் சிறியவர் மாறியிருக்கிறார், அவ்வளவுதான்.

இதோடு முடியவில்லை. சரக்கு-சேவை வரியைப் பொருத்தவரை, பில் போட்டாலே வரிப் பொறுப்பு வந்துவிடும். வாங்கியவர் பணம் தந்தாரா என்று அரசு கேட்பதில்லை. உள்ளீட்டு வரியைக் கழித்த பின் எஞ்சிய வரியை விற்றவர் குறித்த தேதிக்குள் கைப்பணத்திலிருந்து கட்டியாக வேண்டும். வாங்கியவரோ அந்தப் பில்லைக் காட்டி உள்ளீட்டு வரிவரவு எடுத்துக்கொள்கிறார். பில் தேதியிலிருந்து 180 நாள்களுக்குள் விற்றவருக்குப் பணம் தரவில்லையெனில் அந்த வரவை வட்டியுடன் திருப்பிக் கட்ட வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. பலருக்கு இது தெரியாது. நிலுவையைக் கேட்டு எழுதும் கடிதத்தில் இந்த ஒரு வரியைச் சேர்த்தால், வாங்கும் நிறுவனத்தின் கணக்குப் பிரிவு அக்கடிதத்தை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிடாது.

தாமதத்துக்கு எதிரான சட்டம் நம்மிடம் இல்லாமல் இல்லை. 1993-லேயே ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் உள்ளது. குறு அல்லது சிறு நிறுவனத்திடம் பொருளோ சேவையோ பெற்றவர், எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதில் கண்ட தேதிக்குள் பணம் தர வேண்டும்; அந்தத் தேதியும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தமே இல்லையெனில் 15 நாள்தான் கெடு. 45 நாள் அவகாசம் தமது பிறப்புரிமை என்று வாங்குவோர் எண்ணுகிறார்கள். விற்பவரும் அப்படியே நம்புகிறார். எழுதிக் கொடுத்தால் மட்டுமே அந்த 45.

கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாக. 2025 ஜூனில் வங்கி விகிதம் 5.75 சதவீதமாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் வட்டி ஆண்டுக்கு 17.25 சதவீதம். மாநிலத்திலுள்ள வசதியாக்கக் குழுவிடம் முறையிட்டு, அக்குழு சிறியவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் எதிர்த்தரப்பு நீதிமன்றத்துக்குப் போக முடியும். எழுத்தில் பார்த்தால் இதைவிடக் கடுமையான சட்டம் வேறு எந்தக் கடன்காரருக்கும் இந்நாட்டில் இல்லை என்றே சொல்லலாம்.

இருந்தும் ஏன் பயன்படவில்லை? ஒரு பகுதி, தொழில்முனைவோரின் அலட்சியம். உத்யம் பதிவு 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. கட்டணமில்லை, ஆதார் எண்ணைக் கொண்டு சுய அறிவிப்பின் அடிப்படையில் பதியலாம். ஆனாலும் பணம் சிக்கிய பிறகுதான் பலர் பதிவுக்கு ஓடுகிறார்கள். ஒப்பந்தத்துக்குப் பின்னர் பதிவு செய்தவர் அதற்கு முந்தைய சரக்குக்கு இச்சட்டத்தின் பலனைக் கோர முடியாது என்ற நிலையை உச்ச நீதிமன்றம் 2021, 2022 ஆகிய ஆண்டுகளின் தீர்ப்புகளில் எடுத்தது. 2025 ஜனவரியில் மற்றொரு அமர்வு இக்கேள்வியைப் பெரிய அமர்வு ஆராய வேண்டும் என்றது. அந்த வழக்கு எப்படிப் போனாலும், முதல் பில் போடும் முன்பே பதிவை முடித்து, பதிவு எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிட்டுவிடுவதில் எந்த நஷ்டமும் இல்லை. வாங்கி விற்கும் வணிகர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 2021 ஜூலையில் அவர்களையும் இப்பட்டியலில் சேர்த்தபோது, வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டுமே என்று வரையறுத்துவிட்டார்கள். தாமத வட்டிப் பாதுகாப்பு உற்பத்தியாளருக்கும் சேவை தருவோருக்கும்தான்.

அடுத்தது காகிதம். வாய்மொழி ஆர்டரில் சரக்கு அனுப்புவது நம்பிக்கையின் அடையாளமாகப் பழைய வணிக மரபில் கருதப்பட்டது. வாங்குபவரும் விற்பவரும் ஒரே தெருவில் இருந்த காலத்து மரபு அது. இன்று ஆர்டர் கொடுத்த மேலாளர் ஆறு மாதத்தில் வேறு நிறுவனத்துக்குப் போய்விடுகிறார், அவர் இடத்துக்கு வந்தவர் "எங்கே ஆர்டர்?" என்று கேட்கிறார். ஆகவே, கொள்முதல் ஆணை, சரக்குப் பெற்றுக்கொண்டதற்குத் தேதியுடன் கையெழுத்திட்ட சலான், பில் அனுப்பிய மின்னஞ்சல் ஆகிய மூன்றும் ஒரே கோப்பில் இருக்க வேண்டும். சரக்கு சேர்ந்து 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கவில்லையெனில் அதை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். பணம் கேட்ட பிறகு நான்காம் மாதத்தில் முளைக்கும் 'தரக் குறைபாடு' அப்போது எடுபடாது. தேதியுள்ள சலான் இருந்தால்.

ஆனால், பெரும் பகுதி அலட்சியம் அல்ல, அச்சம். புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் போய்விடும். இந்த அச்சம் ஆதாரமற்றது என்று யாரும் சொல்ல முடியாது. சிறிய நிறுவனத்துக்குத் தர வேண்டிய தொகையை உரிய கெடுவுக்குள் தராதவர், அதைத் தரும்வரை தம் வருமானத்திலிருந்து செலவாகக் கழிக்க முடியாது என்று 2023 நிதிச் சட்டத்தின் மூலம் வருமான வரிச் சட்டத்தின் 43-பி பிரிவில் ஒரு விதி சேர்க்கப்பட்டது. சிறியவர் புகாரே கொடுக்க வேண்டாம், வரித்துறை பார்த்துக்கொள்ளும் என்ற நோக்கம் நல்லதே. 2024-ன் தொடக்கத்தில் நடந்தது என்ன? வணிகர் அமைப்புகள் விதியைத் தள்ளிவைக்கக் கோரின. நீண்ட கடனுக்குப் பழகிய சூரத் ஜவுளிச் சந்தை கலங்கியது. உத்யம் பதிவை ரத்து செய்தால்தான் ஆர்டர் என்று சிறியவர்களிடம் சொல்லப்பட்டதாகவும், பதிவில்லாதவர்களிடம் கொள்முதல் மாறுவதாகவும் செய்திகள் வந்தன. பாதுகாப்புக்கென்று கொடுத்த கேடயத்தையே கீழே போடு என்று சொல்லும் வலிமை வாங்குபவருக்கு இருக்கிறது.

அந்த வலிமை எங்கிருந்து வருகிறது? பட்டறையின் மொத்த விற்பனையில் முக்கால் பங்கு ஒரே நிறுவனத்துக்குப் போவதிலிருந்து வருகிறது. விளம்பரத்தைப் பற்றி நான் சொல்ல விரும்புவது இங்கேதான். பொதுவாக ஆர்டர் குறைந்தபோது விளம்பரத்தைத் தேடுகிறார்கள். ஆர்டர் நிறைந்திருக்கும்போதுதான் அது தேவை. ஒரு பெரிய வாடிக்கையாளர் கிடைத்துவிட்டால் புதியவர்களைத் தேடுவதை நிறுத்திவிடுவது சிறுதொழிலில் நடக்கும் மிகப் பெரிய தவறு. என் கருத்தில், எந்த ஒரு வாடிக்கையாளரின் பங்கும் மொத்த விற்பனையில் நான்கில் ஒன்றைத் தாண்டும்போது அடுத்தவரைத் தேடும் வேலை தொடங்கிவிட வேண்டும். பத்துப் பேரிடம் விற்பவர் பதினோராவது ஆளிடம் "பழைய பாக்கி தீரட்டும்" என்று சொல்லலாம். ஒருவரிடம் மட்டும் விற்பவர் சட்டப் புத்தகத்தைத் தலையணையாக வைத்துக்கொள்ளலாம்.

இதற்குப் பெரிய செலவு வேண்டியதில்லை. ஆண்டுதோறும் நவம்பரில் பிரகதி மைதானத்தில் நடக்கும் இந்திய சர்வதேச வர்த்தகக் கண்காட்சிக்குச் சிறு உற்பத்தியாளர்கள் வருகிறார்கள். அரங்கில் கையில் சேரும் முகவரி அட்டைகளை ஊருக்குக் கொண்டுபோய் இழுப்பறையில் போட்டுவிடுவோரே அதிகம். பத்து நாளுக்குள் அந்த அட்டைகளுக்குத் தொலைபேசியில் பேசி, விலைப்பட்டியலுடன் ஒரு மாதிரியையும் அனுப்பிவைப்பவருக்கே அரங்க வாடகை வசூலாகும். புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் "எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது?" என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்துவந்தால், எந்த விளம்பரத்துக்குப் பணத்தை வீணாக்குகிறோம் என்பது ஓராண்டில் தெரிந்துவிடும். கூடவே, வாங்க வருபவரையும் விசாரிக்க வேண்டும். பெண் கொடுக்கும் முன் ஊரெல்லாம் விசாரிக்கும் நாம், பத்து லட்சம் ரூபாய்ச் சரக்கைக் கொடுக்கும் முன் அவருக்கு ஏற்கெனவே சரக்கு கொடுக்கும் இரண்டு பேரிடம் பேசுவதில்லை.

வாங்குபவர் பெரிய நிறுவனமாக இருந்தால் 'டிரெட்ஸ்' என்ற மின்னணுத் தளங்கள் இருக்கின்றன. ரிசர்வ் வங்கியின் அனுமதியுடன் 2017 முதல் இயங்கிவருபவை. பில்லை வாங்குபவர் அதில் ஏற்றுக்கொண்டதும் வங்கிகள் ஏலம் கேட்டு, தள்ளுபடி போக மீதியை விற்றவருக்கு உடனே தந்துவிடும். பின்னர் அந்த நிறுவனம் பணம் கட்டத் தவறினாலும் வங்கி விற்றவரிடம் திரும்ப வராது. ஆண்டு விற்றுமுதல் 500 கோடியைத் தாண்டிய நிறுவனங்கள் இத்தளங்களில் பதிய வேண்டும் என்று 2018-ல் கட்டாயமாக்கினார்கள். 2024 நவம்பரில் அந்த வரம்பு 250 கோடியாகக் குறைக்கப்பட்டது. பதிவதுதான் கட்டாயம். பில்லை ஏற்பது அவர்கள் மனம் வைத்தால்தான். சட்டத்தில் பாதி வழி வந்து நின்றுவிடும் பழக்கம் நமக்கு உண்டு.

திருப்பூர், கோவை உற்பத்தியாளர்களுக்கு இங்கே சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. தில்லி காந்திநகர் ஆயத்த ஆடைச் சந்தையில் பணம் சிக்கினால் தில்லிக்கு வந்து வழக்காட வேண்டுமே என்று தயங்கி, தொகையை மறந்துவிடுவோர் உண்டு. தேவையில்லை. 2006 சட்டப்படி, வாங்கியவர் நாட்டில் எங்கிருந்தாலும் விற்றவர் இருக்கும் இடத்து வசதியாக்கக் குழுவுக்கே விசாரிக்கும் அதிகாரம் உண்டு. 'சமாதான்' இணையதளம் 2017-ல் தொடங்கியதிலிருந்து மனுவை இணையவழியே பதிவு செய்ய முடிகிறது. தில்லிக்காரர்தான் தமிழகம் வர வேண்டும்.

குழு 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்ட வாசகம். நடைமுறையில் அது நிறைவேறுவது அரிது. போதிய கூட்டங்கள் இல்லை, ஆட்கள் இல்லை. இதில் அரசின் பங்கைப் பேசாமல் தனியாரை மட்டும் சாடுவது நேர்மையாகாது. 2020 மே மாதம் கொரோனா நிவாரணத் திட்டங்களை அறிவித்தபோது, மத்திய அரசும் பொதுத்துறை நிறுவனங்களும் சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய நிலுவையை 45 நாளில் தரும் என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சலுகைபோல் அறிவித்தார். அந்தக் கெடு 2006-லேயே சட்டமாகிவிட்டது. பதினான்கு ஆண்டுகளாகப் பின்பற்ற வேண்டிய சட்டத்தைப் பின்பற்றுவோம் என்பது நிவாரணமாக அறிவிக்கப்படுகிறது என்றால், தனியார் நிறுவனங்கள் எந்த முன்மாதிரியைப் பார்க்கும்?

புதிய சட்டம் எதுவும் வேண்டாம். 45 நாளுக்கு மேல் பாக்கி வைத்திருக்கும் நிறுவனங்கள் அந்த விவரத்தை ஆண்டுக்கு இருமுறை கம்பெனி விவகார அமைச்சகத்துக்கு அளிக்க வேண்டும் என்ற உத்தரவு 2019 முதல் இருக்கிறது. அவ்விவரங்களைத் தொகுத்து, எந்த நிறுவனம் எத்தனை கோடி, எத்தனை மாதமாக வைத்திருக்கிறது என்று யாரும் கட்டணமின்றிப் பார்க்கும் பட்டியலாக அமைச்சகம் வெளியிடட்டும். தமிழக எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் கேட்கலாம். கோவைக்கும் திருப்பூருக்கும் சிவகாசிக்கும் இது கட்சி விவகாரமன்று.

அதுவரை சிறியவர்கள் தாமாகவே பார்க்கக்கூடிய ஓரிடம் உண்டு. தணிக்கைக்கு உட்பட்ட நிறுவனங்கள், குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பாக்கியையும் அதன் வட்டியையும் ஆண்டுக் கணக்கில் தனியே காட்ட வேண்டும் என்று 2006 சட்டத்தின் 22-ஆவது பிரிவு கூறுகிறது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமென்றால் ஆண்டறிக்கை அதன் இணையதளத்திலேயே கிடைக்கும். ஆர்டருக்குக் கையெழுத்திடும் முன் அந்தக் குறிப்பைத் தேடிப் படிக்க அரை மணி நேரம் ஆகும். ஆங்கிலம் தடையானால், வரிக் கணக்கு எழுதித்தரும் கணக்காளரிடம் கேட்கலாம்.