சுட்டும் பெயரும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம்முள் வழங்கும் பழமொழி. தொழிற்றிறன் பயில விழையும் மாணவர் இன்று அதனையே தமக்குச் சான்றாகக் காட்டி, செய்ம்முறை நூல்களை ஒதுக்கிக் காணொளிகளை நாடுகின்றனர். அவர் கூற்றில் உண்மை உண்டு. ஒரு திருகாணியை எவ்வளவு இறுக்குவது, இயந்திரத்தின் ஒலி எவ்வாறு மாறுகின்றது என்பவற்றைப் பக்கம் பக்கமாக எழுதினும் விளக்குதல் அரிது. ஒரு நொடிக் காட்சி அதனை விளக்கிவிடும்.

ஆயினும், என் அனுபவம் ஒன்றை ஈண்டுக் கூறுதல் தகும். எங்கள் கல்லூரிக் கிணற்றடியில் உள்ள நீரிறைக்கும் இயந்திரம் ஒருநாள் ஓடியதேயன்றி நீரை இழுக்கவில்லை. மாணவன் ஒருவன் கைத்தொலைபேசியிற் கண்டவாறே, இயந்திரத்தை நிறுத்தி, அதன் வாயில் நீர் வார்த்து மூடி, மீண்டும் இயக்கினான். நீர் வந்தது, யாவரும் மகிழ்ந்தோம். மறுநாட் காலையும் அதே குறை, அதே மருந்து. ஒரு வாரம் இவ்வாறே கழிந்தது. பின்னரே இயந்திரத்தோடு வந்த சிறு கைந்நூலை எடுத்து வாசித்தோம். உறிஞ்சு குழாயிற் காற்று நிறைந்தால் நீர் ஏறாது என்பதும், அக்குழாயின் அடியிலுள்ள ‘புட்வால்வு’ பழுதுற்றால் குழாயில் நின்ற நீர் கிணற்றுக்கே இறங்கிவிடும் என்பதும் அதிற் கண்டிருந்தன. அதனை மாற்றினோம், நாள்தோறும் நீர் வார்க்கும் வேலை ஒழிந்தது.

இது காணொளியின் பிழையன்று. அது ஒரு செயலைக் காட்டிற்று. கைந்நூலோ குறைகளையும் அவற்றின் காரணங்களையும் நிரல்பட வைத்திருந்தது.

அம்மாணவனை, தான் செய்ததைப் பின்வருவோர்க்காக எழுதித் தருமாறு கேட்டேன். “இதைத் திறந்து, இப்படி வார்த்து, அதை மூடவேண்டும்” என எழுதினான். சுட்டுச் சொற்களே நிறைந்திருந்தன. உறுப்புகளின் பெயர் ஒன்றேனும் இல்லை. பொருள் கண்ணெதிரே உள்ளபொழுது சுட்டுப் போதும். பொருள் அகன்றபொழுது பெயர் வேண்டும். பெயரறியாதவன் தான் கற்றதைப் பிறர்க்குக் கையளிக்க மாட்டான்.

1847 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். மருத்துவம் கைப்பழக்கமின்றி வாராது என்பதை அவர் அறியாதவரல்லர். எனினும் அவ்வளவில் அமையாது, ‘இரணவைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்களைத் தமிழில் வெளிவரச் செய்தார். அவற்றுக்கு வேண்டிய கலைச்சொற்களையும் தொகுத்தார். கையும் ஏடும் அங்கே ஒன்றையொன்று பகைக்கவில்லை.

ஆசிரியர்க்கு நான் விடுக்கும் வேண்டுகோள் எளியது. மாணவர் காணொளியைக் காணட்டும். கண்டதைக் கையாற் செய்யட்டும். செய்தபின், உறுப்புகளைப் பெயர் சொல்லி, காரணங் காட்டி, முறைப்படி தமிழில் ஒரு பக்கம் எழுதட்டும். மழைநாளைப் பற்றியும் நிலவைப் பற்றியும் ஆண்டுதோறும் கட்டுரை எழுதுவிக்கின்றோம். நீரிறைக்கும் இயந்திரமும் தமிழ்க் கட்டுரைக்கு உரிய பொருளே. அதனை எழுத மாட்டாத தமிழ், நாளடைவிற் சுட்டிக்காட்ட மட்டுமே வல்லதாய் நின்றுவிடும்.