விலைக்கு முன் சரிவு

கடலுக்கும் காயலுக்கும் நடுவே கிடக்கும் வைப்பின் தீவு தட்டையான மண். அங்கே முற்றத்துப் புல்லை எந்த இயந்திரமும் வெட்டிவிடும். கிழக்கே இடுக்கி மலையேறினால் கதை வேறு. நின்ற இடத்திலேயே சுழலும் 'ஜீரோ டர்ன்' புல்வெட்டும் வண்டியை அங்கே வாங்க நினைப்பவர், விலை கேட்கும் முன் சரிவை அளப்பது நல்லது.

பெரும்பாலான ஜீரோ டர்ன் வண்டிகளைத் திருப்புவதும் நிறுத்துவதும் பின்சக்கரங்கள் இரண்டும்தான். முன்சக்கரங்கள் இழுத்த இழுப்புக்கு உருள்பவை. ஈரப்புல்லில் பின்சக்கரம் வழுக்கினால் வண்டி ஓட்டுபவரின் கட்டுப்பாட்டில் இருக்காது. கவிழ்ந்தால் அடியில் சிக்குவதும் அவரே.

அதனால்தான் பல தயாரிப்பாளர்கள் 15 டிகிரியை எல்லையாக வைத்திருக்கிறார்கள். ஒரு மீட்டர் கம்பின் ஒரு முனையைச் சரிவில் வைத்து, கம்பை மட்டமாகப் பிடியுங்கள். மறுமுனைக்கும் தரைக்கும் இடைவெளி 27 செ.மீ.யை எட்டினால் அங்கே இந்த வண்டி வேண்டாம். அதற்குக் குறைந்த சரிவிலும், கவிழும்போது காக்கும் இரும்புச் சட்டமும் சீட் பெல்ட்டும் உள்ள வண்டியே நல்லது.

புல் செழிப்பது ஜூன் மழையில். தரை வழுக்குவதும் அப்போதுதான். செங்குத்தான இடத்துக்குத் தோளில் மாட்டும் பிரஷ் கட்டர் போதும். வேலை மெதுவாக நடக்கும். ஆனால் வண்டி கவிழும் பயமில்லை.