ஒரே அச்சு, பல ஜோடிகள்



ஆம்பூரில் ஒரே அச்சின்மேல் தோலின் நிறத்தை மாற்றிப் பல ஜோடிக் காலணிகள் செய்வதைக் கண்டிருப்பீர்கள். திரைப்படத் துறையும் இன்று அவ்வாறே இயங்குகிறது.

தமிழுக்கு இது புதிதன்று. 1979இல் ‘கல்யாணராமன்’ வந்தது. 1985இல் அதன் தொடர்ச்சியாக ‘ஜப்பானில் கல்யாணராமன்’ வந்தது. ஆயினும் அந்நாளில் அஃது அரிதாகவே நிகழ்ந்தது. சுந்தர் சி.யின் ‘அரண்மனை’யோ 2014 முதல் 2024க்குள் நான்கு பாகங்களாகி, நான்காவதும் நன்றாகவே ஓடியது. (பேய்களுக்கு ஓய்வே இல்லை போலும்!)

வாரம் ஆறு நாள் உழைத்தவர், மனைவி மக்களோடு செல்கையில், அறியாத படத்துக்குப் பணம் கொடுக்கத் தயங்குகிறார். தெரிந்த பெயரை நம்புகிறார். அந்த நம்பிக்கையே தயாரிப்பாளருக்கு முதல்.

ஆனால் 1996இல் வந்த ‘இந்தியன்’ படத்தின் இரண்டாம் பாகம் 28 ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலையில் வந்தபோது, அந்தப் பெயர் கைகொடுக்கவில்லை. நடிகர் கமல்ஹாசன், இயக்குநர் ஷங்கர், அதே முதியவர் வேடம், எல்லாம் இருந்தன. முதற்படத்தில் லஞ்சம் கொடுக்க மறுத்ததால் மகளை இழந்த தந்தை, லஞ்சம் வாங்கிய மகனையும் தம் கையாலேயே கொன்றார். நம்மை உலுக்கியது அந்த வீட்டின் துயரம். இரண்டாம் பாகத்தில் வேடம் மட்டுமே திரும்பி வந்தது.